மறுப்பியல்: வராத பதில்கள் குறித்த ஓர் ஆய்வு

வானியல், உயிரியல், பொருளியல் என்று எத்தனையோ இயல்கள் வளர்ந்து நிற்கின்றன. சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் பெரிய வக்கீல் நிறுவனத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதி, அது கிடைக்காமற்போவதை முறைப்படி ஆராயும் துறை மட்டும் தமிழில் இன்னும் தோன்றவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. துறைக்கு மறுப்பியல் என்று பெயர் சூட்டப்படுகிறது.

கருதுகோள்: நிறுவனம் பதில் போடாது. இது முடிவில் மெய்ப்பிக்கப்படும். தமிழ் ஆய்வேடுகளில் கருதுகோள் பொய்த்துப்போன வரலாறு இல்லை. அந்த மரபை முறிக்கும் துணிவு இக்கட்டுரையாளருக்கும் இல்லை. முதன்மை ஆதாரம் மாணவர்களின் மின்னஞ்சல் பெட்டி. துணைமை ஆதாரம் அதே பெட்டியின் ஸ்பாம் பகுதி.

விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பதை முல்லை என்றும், கடைசியில் புலம்புவதை நெய்தல் என்றும் வகுத்து ஐந்திணைக்குள் அடக்கலாம். எதையும் ஐந்திணைக்குள் அடக்கலாம் என்பதால் இங்கே அது விடப்படுகிறது. கருத்தரங்க மலருக்குக் கட்டுரை தேடுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். மலேசியாவிலிருந்து ஒருவர் காணொளியில் வணக்கம் சொல்லிவிட்டால் பன்னாட்டுக் கருத்தரங்கம் என்றே அச்சிட்டுக்கொள்ளலாம்.

1. தோற்றுவாய்

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. மாணவர் போயே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறது. யாராவது சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும் என்று விதி இல்லை. வழிகாட்டும் மூத்த வழக்கறிஞர்களைப் பட்டியலிடச் சொல்லும் இடத்திலும் ‘விருப்பமுள்ள’ என்ற அடையைக் கவனமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். மறுப்பியலின் வித்து அந்த அடையில் இருக்கிறது.

அதே விதிகள் பயிலுநரின் உடையைச் சாக்ஸின் நிறம் வரைக்கும் சொல்லிவிடுகின்றன: வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு, கறுப்பு ஷூ, கறுப்பு சாக்ஸ். மாணவருக்கு லீவு கிடைப்பது மே மாதம். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் கோடை விடுமுறை மே மாதம். கோட்டின் உள்பக்கம் உப்புப் பூத்ததுதான் மிச்சம்.

2. வாசற்படி

நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்ததும் ஒரு பெட்டி மேலெழுந்து மறிக்கும். பார் கவுன்சில் விதி 36-இன்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது. ஆகவே உள்ளே போகுமுன் நீங்கள் ஓர் உறுதிமொழி தர வேண்டும்: என்னை யாரும் அழைக்கவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை, நானாகவே வந்தேன். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

உலகில் வேறெந்தத் தொழிலிலும் வேலை கேட்டு வருபவனிடம் வாசலிலேயே ‘உன்னை இங்கே யாரும் கூப்பிடவில்லை’ என்று எழுதி வாங்குவதில்லை. மறுப்பு கடைசியில் வருவது என்று பாடநூல்கள் கருதுகின்றன; சான்றுகளோ அது வாசலிலேயே தொடங்குவதைக் காட்டுகின்றன (விடுதிச் செவிவழி, முதல் தளம்).

3. கவர் லெட்டர்

இதன் பாடம் எல்லாச் சுவடிகளிலும் ஒன்றே. நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறும். அந்தப் பெயரை ஒட்டிய இடத்தை உற்றுப் பார்த்தால் எழுத்து ஒரு சுற்றுப் பருத்து, லேசான நீலச் சாயலோடு நிற்கும். மற்ற வரிகள் மெலிந்து கறுத்திருக்கும். ‘தங்கள் நிறுவனத்தில் பயில்வது என் நெடுநாள் கனவு’ என்ற வரி யாருக்கு அனுப்பினாலும் அசையாது. ஒரே பிள்ளைக்கு நாற்பது நிறுவனங்கள் நெடுநாள் கனவாக இருந்தது எப்படி என்பதை உளவியலார்தாம் விளக்க வேண்டும்.

4. அனுப்பும் நேரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினால் ஹெச்ஆர் பார்ப்பார் என்பது சீனியர்கள் கொள்கை. செவ்வாய்க்கிழமை எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாது என்பது அம்மாக்கள் கொள்கை. வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடுகிறது. எனவே பத்து இருபத்தைந்துக்கு ஷெட்யூல் செய்வது இரு மரபுக்கும் பொதுவான வழியாக ஏற்கப்பட்டுள்ளது. இரு மரபிலும் பதில் வந்ததாகக் குறிப்பு இல்லை (மூன்றாம் மாடி வாட்ஸ்அப் குழு, நள்ளிரவுப் படலம், அட்மின் நீக்கிய பதிவு, நீக்குமுன் பார்த்தவர் வாய்மொழி).

5. உரைவளம்

அருகிப் பதில் வந்தால் அது மூன்று வாக்கியத்தில் வரும். பொதுப்பாடம் வருமாறு: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தற்போது எங்களிடம் இடமில்லை. எதிர்காலத்தில் வாய்ப்பு அமையும்போது தொடர்பு கொள்வோம்.

சாதாரண வாசகர் இதை ‘இல்லை’ என்று வாசிப்பார். மாணவர் சாதாரண வாசகர் அல்லர். நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டின் அடிகளைப் பிரித்து, எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொன்னார். மறைமலையடிகள் அதைக் கடிந்துகொண்டார். அடிகள் சட்டக் கல்லூரி விடுதிக்கு வந்திருந்தால் நச்சினார்க்கினியரை மன்னித்திருப்பார். இங்கே முதல் வாக்கியத்தின் ‘தங்கள்’ மூன்றாம் வாக்கியத்தின் ‘தொடர்பு கொள்வோம்’ என்பதோடு கூடி, நடுவாக்கியம் இடைச்செருகல் என்று தள்ளப்படுகிறது. ‘தற்போது’ என்பது நேரத்தைக் குறித்தது, ஆளை அன்று என்பர் ஒரு சாரார். ‘நன்றி’ சும்மா சொல்லப்படாது என்பர் மற்றொரு சாரார். இம்மறுப்பை மறுப்பே அன்று, வாய்தா என்று கொள்வாரும் உளர், கோர்ட்டில் வாய்தா வாங்கிப் பழகிய கை, கடிதத்திலும் வாய்தாதானே கொடுக்கும் என்பது அவர்கள் வாதம் (மெஸ் பின்சுவர்க் கல்வெட்டு, இரண்டாம் சுண்ணாம்புப் பூச்சுக்கு முந்தைய பாடம். ‘கிடைக்கும்’ என்ற கடைசிச் சொல்லைக் ‘கிடைக்காது’ என வாசிப்பாரும் உண்டு, அவ்விடத்தில் சாம்பார்க் கறை).

6. மௌனம்

இனி முதன்மைப் பொருளுக்கு வருவோம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது உலக வழக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1862-இல் இங்கிலாந்தில் தீர்ந்த ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கை, ஒப்பந்தச் சட்டம் படித்த மாணவர் எவரும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். பால் ஃபெல்ட்ஹவுஸ் என்ற பெரியவர் தம் உடன்பிறந்தார் மகனிடம் ஒரு குதிரை வாங்கப் பேசினார். விலையில் குழப்பம் வந்தது. உன்னிடமிருந்து மறுபேச்சு வராவிட்டால் 30 பவுன் 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையதென்றே எடுத்துக்கொள்வேன் என்ற கருத்தில் கடிதம் போட்டார். பையன் பதில் எழுதவில்லை; ஆனால் தன் உடைமைகளை ஏலம் விட வந்த பிண்ட்லியிடம் அந்தக் குதிரையை மட்டும் விற்காதே என்று சொல்லிவைத்தான். ஏலக்காரர் தவறுதலாக விற்றுவிட்டார். பெரியவர் வழக்குப் போட்டுத் தோற்றார்: மௌனம் ஏற்பாகாது.

இவ்வழக்கில் மாணவர் யார்? மறுப்பியலின் தலையாய சிக்கல் இது. மூன்று பள்ளிகள் உள்ளன.

பெரியவர் பள்ளியினர் மாணவரே ஃபெல்ட்ஹவுஸ் என்பர். ஒரு வாரத்துக்குள் மறுபேச்சு வராவிட்டால் மே மாதம் முதல் திங்கட்கிழமை கோட்டோடு வந்துவிடுவேன் என்று எழுதிவிட்டுப் போய் நிற்பது இவர்கள் செய்முறை. இவர்களுடைய மேல்முறையீட்டு மன்றம் வாசல் வாட்ச்மேன்.

ஏலக்காரர் பள்ளியினர் குறைவு. வேறு யாருக்கோ எடுத்துவைத்த இடத்தில் தவறுதலாக உள்ளே போனவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்களும் மறுப்பதில்லை.

குதிரைப் பள்ளியினர்தாம் ஆழமானவர்கள். மாணவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்லர், ஒப்பந்தப் பொருள் என்பது இவர்கள் துணிபு. குதிரையை யாரும் கேட்கவில்லை, குதிரைக்கு யாரும் கடிதம் போடவில்லை, தீர்ப்பிலும் குதிரையின் கருத்து பதிவாகவில்லை. சிபாரிசில் உள்ளே போனவர்கள் பெரும்பாலும் இப்பள்ளியை ஆதரிப்பது ஆய்வாளர் கவனத்துக்கு உரியது: அப்பாவும் சீனியரும் கல்யாண வீட்டுப் பந்தியில் பேசி முடித்தபோது தாங்கள் எங்கே நின்றோம் என்று அவர்களுக்கு நினைவிருக்கிறது (குதிரைப் பள்ளிச் சிற்றுரை; பேருரை, அதை எழுதியவருக்கு வேலை கிடைத்தவுடன் அவராலேயே அழிக்கப்பட்டது. எஞ்சிய ஒரே படியைச் செராக்ஸ் கடைக்காரர் மறுபக்கத்தில் வேறொருவரின் ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார், ஆகவே மேற்கோளின் பிற்பகுதி தேர்வு எண்ணாக உள்ளது).

பதில் வராத விண்ணப்பம் எப்போது இறந்ததாகக் கருதப்படும்? இதற்கு விடை பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் உண்டு. புதிய சட்டத்தில் அது 111. உயிரோடிருந்தால் இயல்பாகச் செய்தி அறிந்திருக்கக்கூடியவர்கள் ஒருவரைப் பற்றி ஏழாண்டு எதுவும் கேள்விப்படாவிட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும். இதை விண்ணப்பத்துக்குப் பொருத்துக. ஐந்தாண்டுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் அனுப்பியது, மாணவர் பட்டம் பெற்று, பதிவுசெய்து, ஜூனியராகி, கல்யாணப் பேச்சு எழும் வரைக்கும் சட்டப்படி உயிரோடிருக்கும். ஏழாம் ஆண்டில் அவரே அந்நிறுவனத்தில் அசோசியேட்டாக உட்கார்ந்து, வந்து குவியும் விண்ணப்பங்களுக்குப் பதில் போடாமல் இருக்கவும் கூடும்.

பாஸ்போர்ட்டை முடக்கிவிட்டுக் காரணம் சொல்ல மறுத்த அரசை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கின் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத வக்கீல் இல்லை. காரணம் சொல்லாத ஆணையைக் கண்டால் இது பேசும் ஆணையே அல்ல என்று கொதித்தெழுவார்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று காலையில் முழங்கிவிட்டு, மாலையில் அலுவலகம் திரும்பினால், திறக்கப்படாத சிவிக்கள் திறக்கப்படாமலே இருக்கும். இதில் முரண்பாடு எதுவுமில்லை. இயற்கை நீதிக்குக் கட்டணம் உண்டு.

முன்தீர்ப்புத் தடை பொருந்தாது. வழக்கை யாரும் விசாரிக்கவே இல்லை என்பதால் அடுத்த செமஸ்டரில் மறுபடியும் அனுப்பலாம்.

7. ஆற்றிக்கொள்ளல்

முதல் நாள் ஸ்பாம் பார்த்தல். மறுநாள் தனக்குத்தானே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பெட்டி வேலை செய்கிறதா என்று சோதித்தல். பிறகு, பணிவான நினைவூட்டல். பிறகு, மேலும் பணிவான நினைவூட்டல். வீட்டில் அப்பா, ‘அந்த ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா பாரு’ என்பார். பெரியம்மா, ‘அவ்வளவு படிச்சும் சம்பளம் இல்லாத வேலைக்கே இந்தப் பாடா?’ என்பார். இதற்கு விடை கூறும் நூல் இன்னும் இயற்றப்படவில்லை. லிங்க்ட்இனில் வகுப்புத் தோழன் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்ளும் நாள் தனி அத்தியாயம் வேண்டுவது. அதற்கு லைக் போடுவது அறமா, புறமா என்பது பின்னர் ஆராயப்படும்.

8. ஆய்வு எல்லைக்கு வெளியே

களப்பணியின்போது ஒரு விதிவிலக்கு கிட்டியது. தம்புச்செட்டித் தெருவில், மாடிப்படி ஒடுங்கிய ஒரு வக்கீல் ஆபீசுக்கு மாணவி ஒருத்தி நேரே ஏறிப் போனாள். சீனியர், இரண்டு ஃபைல் கட்டுகளுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், சிவி மெயில் பண்ணட்டுங்களா?”

“அதெல்லாம் எதுக்கும்மா? கையெழுத்து நல்லா இருக்குமா?”

“இருக்கும் சார்.”

“பக்க நம்பர் போடத் தெரியும்ல? திங்கக்கிழமை எட்டரைக்கு வந்துடு. கோட்டு வேணாம், ஃபேன் ஒண்ணுதான் ஓடுது.”

இந்நிகழ்வில் இணையதளம் இல்லை, உறுதிமொழி இல்லை, மூன்று வாக்கியப் பதில் இல்லை, மௌனம் இல்லை. தரவாகக் கொள்ளத் தகுதியற்றதால் இது ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.