எலிக்கு உதவியாளர் ஆவது எப்படி?

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை, விலங்கு செய்யும் காரியங்களை வைத்துக் கண்டுபிடிப்பது நடத்தை நரம்பியல். அப்படியொரு லேபில் சேர ஆசைப்படும் கொச்சி மட்டாஞ்சேரிப் பிள்ளைகளுக்காக இந்தக் கையேடு. மற்ற ஊர்க்காரர்களும் படிக்கலாம். எலி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

படி 1: வீட்டைச் சமாளியுங்கள்

பஜார் ரோட்டு அரிசி, மஞ்சள் குடோன்களுக்கு நடுவே வளர்ந்துவிட்டு, "எலியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போறேன்" என்றால், "அதுக்கு எதுக்குடா களமசேரி வரைக்கும் போகணும்? நம்ம அரிசி மூட்டைக்குப் பின்னாடியே இருக்கே" என்பார் மாமா. கோபப்படாதீர்கள். லேபில் இருப்பது விஸ்டார் வகை வெள்ளை எலி, 1906-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய வம்சம் என்று சொல்லுங்கள். குலப்பெருமைக்கு மயங்காத மாமா உண்டா?

அப்படியும் மசியவில்லையென்றால் மஞ்சளை எடுங்கள். களமசேரியில் இருக்கும், குசாட் என்று ஊரே சொல்லும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மையத்தில், நீரிழிவு வரவழைத்த எலிகளுக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்து மூளையில் என்ன மாறுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். வலிப்பு எலிகளுக்கு நீர்ப்பிரமி மூலிகையும் கொடுத்திருக்கிறார்கள். மாமா மூட்டைக் கணக்கில் விற்பதை மருமகன் மில்லிகிராம் கணக்கில் ஊட்டப்போகிறான். குடும்பத் தொழில் எங்கும் போய்விடவில்லை.

படி 2: லேபைத் தேர்ந்தெடுங்கள்

இதற்கு மீனிடம் யோசனை கேட்கலாம். தேவரா சேக்ரட் ஹார்ட் கல்லூரியில் பனையேறிக் கெண்டையை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2004-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. ஒரு பக்கம் பழகிய மீன்களின் சின்னக் கூட்டம், மறுபக்கம் பழகாத மீன்களின் பெரிய கூட்டம். கெண்டை பெரிய கூட்டத்தையே நாடியது. தெரிந்த சீனியர் இருக்கிறார் என்று சின்ன லேபுக்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். பெரிய லேபில் சேர்ந்தால் கட்டுரையில் தன் பெயர் எட்டாவதாகத்தான் வரும் என்ற கவலை மட்டும் கெண்டைக்கு இல்லை.

படி 3: கடிதம் எழுதுங்கள்

"சிறு வயதிலிருந்தே மூளையின் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். சிறு வயதில் உங்கள் ஆர்வம் மத்தி வறுவல் மீதுதான் இருந்தது. பேராசிரியரின் கட்டுரை ஒன்றை எடுத்துச் செய்முறைப் பகுதியைப் படித்துவிட்டு அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பகுதியைப் படிக்கும் ஆள் அபூர்வம் என்பதால் அவர் உங்களைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்வார்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தால் அதை முதல் வரியிலேயே போடுங்கள். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். கைடின் பையிலிருந்து ஒரு பைசா போகாது. அதன்பின் பதில் வரும் வேகத்தைப் பாருங்கள். வெகுமதியைக் காட்டினால் நடத்தை மாறும் என்ற பாடத்தை எலியைத் தொடாமலே படித்துவிட்டீர்கள்.

படி 4: யாருக்கு அனுமதி என்று புரிந்துகொள்ளுங்கள்

1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998-ல் விதிகள் வந்தன. அவற்றின்படி, எலியைத் தொடுமுன் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு கூட வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்குமா, வலித்தால் என்ன செய்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். நியாயம்தான். இதே கேள்விகளை ஆராய்ச்சி மாணவரைப் பற்றிக் கேட்கும் குழு எதுவும் இன்னும் அமைக்கப்படவில்லை. எலிக்கு 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு, நேரத்துக்குத் தீனி, புது உமி. உங்கள் ஹாஸ்டலை இதோடு ஒப்பிட்டு மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

படி 5: நேரம் தவறாதீர்கள்

எலிக்குப் பயிற்சி தினமும் அதே மணிக்கு நடக்க வேண்டும். பஸ்ஸோ படகோ பிடித்து எறணாகுளம் போய், மெட்ரோ ஏறி, கொச்சின் யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்குங்கள். ஹர்த்தால் அன்று கேரளமே கதவடைக்கும். எலிக்கு அதை யாரும் அறிவிப்பதில்லை.

படி 6: மணக்காதீர்கள், நகராதீர்கள்

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் அத்தரைத் தடவிக்கொண்டு விலங்கறைக்குள் நுழையாதீர்கள். தடவாவிட்டாலும் ஆண்களால் தப்ப முடியாது. பக்கத்தில் ஓர் ஆண் இருந்தாலே, அவர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் கிடந்தாலே எலிக்குப் பதற்றம் ஏறுகிறது, வலி குறைவாகத் தெரிகிறது என்று 2014-ல் மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகக் குழு காட்டியது.

நீர்ப் புதிர்வழியில் இன்னொரு தொல்லை. கலங்கிய தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் மேடையை, சுற்றியுள்ள அடையாளங்களை வைத்துத்தான் எலி தேடும். அந்த அடையாளங்களில் நீங்களும் ஒருவர். நேற்று ஜன்னலோரம் நின்றவர் இன்று கதவருகே நின்றால் எலிக்கு ஊரே மாறிவிடும்.

படி 7: எண்ணப் பழகுங்கள்

வெற்று அரங்கில் எலியை விட்டுப் பார்க்கும் திறந்தவெளிச் சோதனையில் அதன் பயத்தை அளக்க, அது போட்ட புழுக்கையை எண்ணுவார்கள். 1934-ல் உளவியலாளர் கால்வின் ஹால் தொடங்கிவைத்த வழக்கம். ஊரில் யாராவது "மோனே, அவிடெ எந்தா பணி?" (மகனே, அங்கே என்ன வேலை?) என்று கேட்டால், பயத்தை அளக்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 8: உங்களை நம்பாதீர்கள்

1963-ல் உளவியலாளர் ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் 12 மாணவர்களுக்கு ஆளுக்கு 5 எலி கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் உங்கள் எலிகள் புத்திசாலி வம்சம் என்றார்கள், மீதிப் பேரிடம் மந்த வம்சம் என்றார்கள். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள். ஆனால் 'புத்திசாலி' எலிகளே நன்றாகக் கற்றுக்கொண்டன. நம்பிக்கை வைத்த மாணவர்கள் அவற்றை அதிகம் தொட்டார்கள், மென்மையாகப் பிடித்தார்கள். ஆகவே எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்கு வெறும் உப்புநீர் என்பதை அளக்கிறவர் அறியக் கூடாது. அந்த விவரச் சீட்டை இன்னொருவரிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள்.

இதே மாதிரிச் சோதனையை ரோசன்தால் பிறகு பள்ளி ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் வைத்துச் செய்து பார்த்தார். அது பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. சண்டை முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். சேருவதற்கு முன்பே, நீங்கள் புத்திசாலி வம்சம் என்று யாரையாவது விட்டு உங்கள் கைடின் காதில் போட்டுவையுங்கள்.