அத்திவரதர் முந்திக்கொள்வார்

மழைக்காலத்தில் காஞ்சிபுரத் தெருவில் பாவு விரிக்க முடியாது. வேலையும் பாதி, கூலியும் பாதி. கவலை வேண்டாம். 2019-இல் மத்திய அரசு ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியம் கொண்டுவந்தது. மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாதாம். கூலித்தறிக்காரர் அந்தத் தப்பை எளிதில் செய்துவிட மாட்டார். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய் கட்ட வேண்டும்; 60 நிறைந்ததும் மாதம் 3,000 ரூபாய். அன்றே சேர்ந்த பையனுக்கு 2061-இல் கைக்கு வரும். அதே 2019-இல் அனந்தசரஸ் குளத்தைவிட்டு எழுந்தருளிய அத்திவரதர் 2059-இலேயே மீண்டும் வெளியே வந்துவிடுவார். பெருமாளுக்கு என்ன அவசரமோ! அதுவரை அரிசி விலையும் அசையாமல் காத்திருக்கும்.

அப்பாவையும் சேர்த்துவிடலாமே என்கிறீர்களா? 40 வயதைத் தாண்டியவர் சேர முடியாது. முதியவர் ஆவதற்குள்ளேயே அவருக்கு வயதாகிவிட்டது.