பாறசாலை இஞ்சினியர்

கேரள எல்லையோரப் பாறசாலையின் இஞ்சினியர் தனி ரகம். கேரளத்தில் கிடைக்காத சீட்டைத் தமிழ்நாட்டில் வாங்கி, தமிழ்நாட்டில் வாங்கிய பட்டத்துக்குக் கேரளத்தில் வேலை கேட்பவன்.

பிளஸ் டூ முடிந்ததும் கேரள என்ட்ரன்ஸ் எழுதுவான். வந்த ரேங்கை வைத்துத் திருவனந்தபுரம் இஞ்சினியரிங் கல்லூரிக்குள் சாயா குடிக்க வேண்டுமானால் போகலாம். அப்பா அன்றைக்கே எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு பஸ் ஏறுவார். தமிழ்நாட்டில் 2007 முதல் இஞ்சினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஆனால் கவுன்சிலிங்குக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்பார்களே! 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. பாட்டி பிறந்த வீடு தமிழ்நாட்டில்; பேரன் பிறந்த ஆஸ்பத்திரி கேரளத்தில். பாட்டி பேரில் சீட் தருவார்களா? ஆகவே மேனேஜ்மென்ட் கோட்டா. வீட்டுக்குப் பின்னால் நின்ற ரப்பர் மரமெல்லாம் முதல் வருடப் பீஸுக்கே தடியாகி லாரி ஏறிவிடும்.

முதல் செமஸ்டரில் கணக்குப் பேப்பர் போகும். போகிற போக்கில் இஞ்சினியரிங் கிராபிக்ஸையும் கூட்டிக்கொண்டு போகும்.

"படிப்பு எப்ப மக்களே முடியும்?"

"முடிஞ்சாச்சு மாமி. நாலு பேப்பரு மட்டும் பாக்கி."

"அதுக்கென்ன, வரும்போ அதையும் வாங்கிட்டு வா."

1990-ல் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற ஐடி பூங்கா வந்ததிலிருந்து, கழுத்தில் அட்டை தொங்கினால்தான் ஊரில் அது வேலை. காலைப் பாசஞ்சரில் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் தாண்டும்வரை இவன் நின்றபடியே தூங்குவான். அட்டை மட்டும் சட்டைக்கு வெளியே விழித்திருக்கும். படித்தது மெக்கானிக்கல். பார்ப்பதோ, அமெரிக்காவில் யாருக்கோ முட்டி ஆபரேஷன் செய்த இன்சூரன்ஸ் பில்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். "தம்பி, கிணத்து மோட்டாரு ஓடல்ல. நீ மெக்கானிக்கல் இல்லியா, ஒண்ணு பாரு." இவன் மோட்டாரை ஒரு சுற்று சுற்றி வந்து, மூடியைத் தட்டி, "காயில் போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்வான். பிறகு தனுவச்சபுரம் ஐடிஐயில் படித்த பையன் வந்து, கழன்ற ஒயரை மாட்டிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிப் போவான். என்னைக் கேட்டால் நான் ஐடிஐ கட்சி.

கடைசியில் எல்லோரும் போய் நிற்கிற இடம் பிஎஸ்சி, அதாவது கேரள அரசு வேலைக்கான பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை. ரேங்க் பைல் என்கிற தடித்த கைடைத் தலையணையாக வைத்துப் படுப்பான். தெர்மோடைனமிக்ஸ் கேட்பார்கள் என்று போனால், ஸ்ரீநாராயண குரு அருவிப்புறத்தில் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்த ஆண்டைக் கேட்பார்கள். 1888. அருவிப்புறம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில்தான், சின்ன வயசில் ஆற்றில் குளித்த இடம். அதையும் தப்பாக எழுதிவிட்டு வருவான்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பையன் நல்லவன், இரண்டு பாஷையும் சரளம். சம்பளத்தை மட்டும் லட்சத்தில் சொன்னால், பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.