நுரைக்கு எந்த ஊர்? – கேள்வி பதில்

அமெரிக்காவில் ராணுவத் தளங்களைச் சுற்றியுள்ள ஆறு, கிணறெல்லாம் கெமிக்கல் ஆகிவிட்டதாமே? நம் தருமபுரியில் ராணுவத் தளமே இல்லை. நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?
– அரூர் வாசகர்

தளம் இல்லை, சரி. தென்பெண்ணை இருக்கிறதே! நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி வருகிறது அந்த ஆறு. பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி இருக்கிறது. அதை ஒட்டியே ராணுவத்தின் வழங்கல் பிரிவான ஏ.எஸ்.சி.யின் மையம். ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்கு வழியும். அங்கிருந்து ஆற்றுக்கு. அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, அதைத் தாண்டினால் உங்கள் இருமத்தூர், டி.அம்மாபேட்டை, கடைசியாகச் சாத்தனூர். மாநில எல்லையில் ஆர்.டி.ஓ. செக்போஸ்ட் லாரிக்குத்தான். சாக்கடைக்கு இல்லை.

அப்படியானால் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரைக்கு ராணுவம்தான் காரணமா?
– கம்பைநல்லூர் விவசாயி

அவசரப்படாதீர்கள். பெங்களூர் சாக்கடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பெல்லந்தூரில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. குளியல் சோப்பு, துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு ஆலைக் கழிவு வேறு. ஏரியில் தேங்கிக் கிடக்கும்போது இதெல்லாம் சாதுவாகத்தான் இருக்கும். கலங்கலில் வழிந்து விழும்போதும், அணையின் மதகைத் திறக்கும்போதும்தான் காற்று கலந்து பொங்கும். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளிக்குக் கீழே போய் நின்று பாருங்கள். மதகு வழியே கறுப்பாகத்தான் தண்ணீர் விழும். விழுந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு நுரை எழும்பும். காற்றடித்தால் கட்டி கட்டியாகப் பிய்ந்து வயலில் போய் உட்காரும். தரைப்பாலம் எது, ஆறு எது என்று தெரியாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கப் பனி மாதிரி இருக்கிறது என்று போட்டோ எடுப்பவர்களும் உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எடுப்பார்கள்.

இதில் ராணுவத்தின் பங்கு என்ன தெரியுமா? தீயணைப்பு. 2015-லேயே பெல்லந்தூர் ஏரி நுரை பற்றி எரிந்தது. 2018 ஜனவரி 19-ம் தேதி கரையில் பிடித்த தீயை அணைக்க ஏ.எஸ்.சி. மையத்திலிருந்து சுமார் 5,000 சிப்பாய்கள் இறங்கினார்கள். எல்லையில் எதிரியோடு சண்டை போடப் பயிற்சி எடுத்தவர்களை ஏரியோடு சண்டை போட வைத்த பெருமை பெங்களூருக்கு உண்டு.

சரி, அமெரிக்காவில் மட்டும் ராணுவத்தை எப்படிக் குற்றம் சொல்கிறார்கள்?
– தருமபுரி கல்லூரி மாணவி

அங்கே கையும் களவுமாக அகப்பட்டது. வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்று மரைன் படை வீரர்களின் முகாம் ஒன்று. 1953 முதல் 1987 வரை அங்கே குழாயில் வந்த குடிநீரில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் ரசாயனங்களும் பென்சீனும் கலந்திருந்தன. ஒரு பக்கம் முகாமின் சொந்தக் கசிவு, இன்னொரு பக்கம் வேலிக்கு வெளியே இருந்த ஒரு டிரை கிளீனிங் கடையின் கழிவு. குடித்தவர்கள் எதிரிகள் அல்ல, அவர்களுடைய சொந்த வீரர்களும் பிள்ளைகுட்டிகளும். வழக்குப் போடலாம் என்று தனிச் சட்டம் வந்தது 2022-ல்தான். ஹவாயில் ரெட் ஹில் என்ற இடத்தில் 2021 நவம்பரில் கடற்படையின் எரிபொருள் கிடங்கு கசிந்து, வீட்டுக் குழாயைத் திறந்தாலே எரிபொருள் வாடை அடித்தது.

இன்னொன்று, ‘பிஃபாஸ்’ எனப்படும் ரசாயனக் குடும்பம். விமானத் தளங்களில் எரிபொருள் தீயை அணைக்கும் நுரையில் இருப்பது. பயிற்சி என்று பல்லாண்டுகள் பீய்ச்சினார்கள், அது மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விட்டது. லேசில் சிதையாது. லிட்டருக்கு 4 நானோகிராம் தாண்டக் கூடாது என்று அதில் இரண்டு ரசாயனங்களுக்கு 2024-ல் அமெரிக்காவில் வரம்பு கட்டினார்கள். குடிநீருக்கான நம் ஐ.எஸ். 10500 தர விதியில் இதற்கு வரம்பே கிடையாது. வரம்பு இல்லையென்றால் மீறலும் இல்லை, எவ்வளவு சௌகரியம்!

அங்கே தீயை அணைத்த நுரை தண்ணீரைக் கெடுத்தது. இங்கே கெட்ட தண்ணீரின் நுரையே தீப்பிடித்தது.

ஆடி பதினெட்டுக்கு டி.அம்மாபேட்டையில் ஆற்றில் முங்கலாமா?
– மொரப்பூர் வாசகி

இரண்டு அணையைத் தாண்டி வருவதற்குள் நுரை அடங்கிவிடும், கொஞ்சம் தெளிந்தும் இருக்கும். ஆனால் கரைந்திருக்கும் உப்பும் ரசாயனமும் கண்ணுக்குத் தெரியாது. நுரை இல்லை என்பதற்காகச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். புதுத் தண்ணீர் வந்த முதல் நாளில் இறங்காதீர்கள். இறங்கினாலும் வாயில் படாமல் முங்குங்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் சென்னியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் அந்த ஆற்றில்தானே இருக்கிறாள், அவளுக்குத் தெரியாததா?

கொதிக்க வைத்துக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடாதா?
– பென்னாகரம் குடும்பத் தலைவி

கிருமி சாகும். நம் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளூரைடு உயிரில்லாதது, சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது இன்னும் கெட்டிப்படும். கேஸ் செலவுதான் மிச்சம்.

தருமபுரி ஃபுளூரைடுக்கு எந்தக் கம்பெனி காரணம்?
– நல்லம்பள்ளி வாசகர்

கம்பெனிக்கு முன்னாலேயே, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பாறைதான் காரணம். ஆழ்துளைக் கிணற்றை எவ்வளவு ஆழமாக இறக்குகிறோமோ அவ்வளவு நேரம் பாறையோடு ஊறிய தண்ணீர் கிடைக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை, போகப்போக எலும்பு, மூட்டு. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தண்ணீரும் வந்தது. குழாய்த் தண்ணீர் பத்தாத நாளில் மறுபடியும் போர்த் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. நாளைக்கு எந்த ஆலையோ தளமோ நம் நிலத்தடி நீரைக் கெடுத்தாலும், “உங்கள் ஊர்த் தண்ணீர் பரம்பரையாகவே சரியில்லையே” என்று சுலபமாகச் சொல்லிவிட முடியும். நம் பாறையை விடத் தோதான சாட்சி அவர்களுக்குக் கிடைக்காது.

எப்போதும் கர்நாடகத்தையே சொல்கிறீர்களே, நாம் யோக்கியமா?
– பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்

இல்லை. தருமபுரி நகரத்துச் சாக்கடை சனத்குமார நதியில் கலப்பதும், சேகோ ஆலைக் கழிவின் நாற்றமும் கர்நாடகத்திலிருந்து வந்தவை அல்ல.

தென்பெண்ணை வழக்குதான் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்றே?
– காரிமங்கலம் ஓய்வு பெற்ற ஆசிரியர்

போயிற்று ஐயா. 2018-ல் தமிழ்நாடு வழக்குப் போட்டது, 2019 நவம்பரில் இடைக்கால மனு தள்ளுபடியானது. 1892 நதிநீர் ஒப்பந்தம், கர்நாடகம் கட்டிய மார்க்கண்டேய நதி அணை எல்லாம் பேசப்பட்டன. சண்டை முக்கியமாக, எவ்வளவு தண்ணீர் வரும் என்பதில். வருகிற தண்ணீர் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த அளவு வக்கீல்கள் கிடைக்கவில்லை. பெல்லந்தூர் விவகாரத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கையில் எடுத்து, 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏரிக்காக 500 கோடியைத் தனிக் கணக்கில் போடவும் சொன்னது. ஏரிக்குக் கீழே நுரையில் பூவும் தக்காளியும் பயிரிடுகிறவனுக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்காதீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சாமானியன் இப்படிப்பட்ட வழக்கில் ஜெயித்த கதை ஒன்றாவது சொல்லுங்கள்.
– பாலக்கோடு வாசகர்

யாழ்ப்பாணம் சுன்னாகம். மின் நிலையத்தைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அங்கே கிணறுதான் சமையலறைக் குழாய் மாதிரி. குடிநீர் வழங்கல் சபை சோதித்துப் பார்த்து, எண்ணெய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. வழக்கு 2015-ல். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின்சாரம் தயாரித்த கம்பெனி 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. பெரிய தொகை இல்லை. கிணற்றுக்கு அது காணாது. ஆனாலும் கம்பெனி கொடுக்க வேண்டியதாயிற்று என்றால், தேதி போட்ட சோதனைக் காகிதம் இருந்ததும் ஒரு காரணம்.

நெக்குந்தியில் டி.ஆர்.டி.ஓ. ராணுவ ஆய்வு மையம் என்று பல வருடமாகப் பேச்சு. வந்தால் நல்லதா, கெட்டதா?
– அதே ஊர்ப் பக்கத்து இளைஞர்

வேலை வந்தால் நல்லது. தருமபுரிப் பிள்ளைகள் விடிகாலை பஸ்ஸில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் தொங்கிக்கொண்டு போவது குறையும். 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரும் சேலமும் இருக்கின்றன, நடுவில் நாம். ஆகவே இன்றில்லாவிட்டால் நாளை ஏதாவது வரும். வருவதற்கு முன்பே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, நாட்டின் பாதுகாப்பு தொடர்பான திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டு, மைக் கொடுத்து, நம்மைப் பேச விடும் அந்த ஒரு நாள் கூத்தும் நடக்காது. ரகசியம் நாட்டுக்குத் தேவை, ஒப்புக்கொள்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் என்ன ரகசியம்?

அடுத்த தேர்தலில் நுரையைப் பற்றி யாராவது பேசுவார்களா?
– இண்டூர் வாசகர்

மேடையில் ஏற்கெனவே நிறைய நுரை இருக்கிறது.

கடைசியாக, நாங்கள் என்னதான் செய்ய?
– இருமத்தூர் வாசகர்கள் சிலர்

தண்ணீர் கெட்ட பிறகு சோதிப்பது எல்லோரும் செய்வது. கெடுவதற்கு முன்னால் சோதித்து வையுங்கள். நன்றாகக் கழுவிய கேனில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை, போர்த் தண்ணீரைப் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட் எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். எண்ணெய்க்கும் கரைப்பான்களுக்கும் பெரிய ஆய்வகம் வேண்டும். அந்தச் சோதனை வேண்டும் என்று ஊராட்சித் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று என இரண்டு ரிப்போர்ட்டாவது இருக்கட்டும். பட்டாவும் பத்திரமும் வைத்திருக்கும் அதே பெட்டியில் அவற்றையும் வையுங்கள்.