லேத்தில் கடைய முடியாத பொருள்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கடையைக் கட்டுகிறோம் என்று முடிவெடுத்தவர்கள் தீபாவளிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் தீபாவளி 20-ஆம் தேதி. அதற்கு முந்தைய வாரங்களில் அரசூர்ப் பக்கத்துச் சின்ன பவுண்டரி ஒன்றில் என்ன நடக்கும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனஸ் பேச்சு, போனஸ் கோபம், ஸ்வீட் பாக்ஸ் ஆர்டர், ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டு மனசால் ஏற்கெனவே கிளம்பிவிட்ட மோல்டிங் ஆட்கள். இதற்கு நடுவில் ஆடிட்டர் போன் செய்து, பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு பேங்க் வேலை பார்க்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மொதலாளிக்கு ஒரே சந்தேகம். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது? ஓடறத எதுக்குங்க மாத்தோணும்?"

கொங்கு நாட்டுத் தொழில் தத்துவம் மொத்தமும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937-லேயே பீளமேட்டில் செய்த ஊர் இது. இங்கே மோட்டார் எரிந்தால் யாரும் தூக்கிப் போடுவதில்லை, காயில் கட்டுவார்கள். ஷாஃப்ட் தேய்ந்தால் வெல்டு வைத்து லேத்தில் கடைவார்கள். செய்த கம்பெனியே மறந்துவிட்ட மெஷினுக்கும் கணபதியில் ஏதாவது ஒரு சந்துக்குள் பாகம் செய்துகொடுக்க ஆள் இருப்பார். அப்பேர்ப்பட்ட ஊரில் போய், பெட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் காலாவதி என்றால் யார் நம்புவார்கள்?

கீபோர்டில் இரண்டு விரலுக்கு மேல் பயன்படுத்துகிறவன் என்பதால் அலுவலகத்தில் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். மொதலாளி நிமிர்ந்து பார்த்தார். பொண்ணு பார்க்கப் போனால்கூட நாங்கள் கூட்டமும் குலதெய்வக் கோயிலும் விசாரிப்பதோடு சரி, எட்டுத் தலைமுறையெல்லாம் கேட்பதில்லை. ஆனாலும் ஆடிட்டர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பாதி பெட்டிகள் தேறின, மீதிக்குப் புதிதாக வாங்கினோம்.

காந்திபுரத்திலிருந்து சர்வீஸ் தம்பி வந்தார். சாவிக்கொத்து மாதிரி பென் டிரைவ் கொத்து வைத்திருந்தார். முதல் புதுப் பெட்டியில் விண்டோஸ் போட உட்கார்ந்ததும் திரையில் வந்த செய்தி: டிஸ்க் எதுவும் இல்லை. கணக்கு அக்கா பில்லை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "512 ஜிபின்னு போட்டுக் காசு வாங்கியிருக்கறாங்களே, உள்ள வெக்கவே இல்லீங்களா?" டிஸ்க் உள்ளேதான் இருந்தது. பதினோராம் தலைமுறையிலிருந்து இன்டெல் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க்குக்கு முன்னால் விஎம்டி என்றொரு ஏற்பாடு உட்கார்ந்திருக்கும். அதற்கான டிரைவரைப் பென் டிரைவிலிருந்து கொடுத்தால்தான் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும். தம்பி கொடுத்தார், தெரிந்தது. அக்கா பில்லை மடித்து வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை.

அடுத்த கட்டம்தான் அழகு. பாதி வழியில் நின்று, நெட்டில் இணைத்தால்தான் மேலே போவேன் என்றது. நெட் ஒயரைச் சொருகினோம். ஒயரைப் பேசவைக்கும் டிரைவர் பெட்டியில் இல்லை. அந்த டிரைவர் எங்கே இருக்கிறது? நெட்டில். இப்படி ஒரு சிக்கலை யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்று தெரியவில்லை. தானாக அமைந்திருந்தால் மகா திறமை.

இதற்கு மருந்து, ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி அதன் வழியாக நெட் கொடுப்பது. அந்த வழிக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸ் உள்ளேயே இருக்கிறது. மொதலாளி பெருமையாகத் தன் விலையுயர்ந்த போனை நீட்டினார். அதற்கும் தனியாக ஒரு டிரைவர் வேண்டும் என்று தெரிந்தது. கடைசியில் திரை விரிசல் விட்டிருந்த லோடிங் அண்ணனின் போன்தான் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியது. டேட்டா பேக் தீர்ந்ததற்கு அவருக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தோம். மொதலாளி அன்று முழுவதும் தன் போனை மேசைமேல் வைக்கவில்லை.

அதன்பிறகு டிவைஸ் மேனேஜரில் வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள். பெயர் தெரியாத பொருட்களுக்கெல்லாம் அடையாள எண் இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். இன்டெல்லின் எண் 8086. 1978-ல் வந்த அவர்களுடைய பிராசசரின் பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். எண்ணைத் தேடி, டிரைவரைப் போட்டு, முக்கோணங்களைத் தம்பி ஒவ்வொன்றாகக் கரைத்தார். அப்போது எட்டிப் பார்த்த மொதலாளியின் கண்ணில் ஒரு தேதி பட்டுவிட்டது: 1968 ஜூலை 18.

"புதுப் பெட்டின்னு சொல்லிப் பழசக் கட்டிப்போட்டாங்களா?"

அது இன்டெல் தொடங்கப்பட்ட நாள். சிப்செட் கோப்புகளுக்கு வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போடுகிறார்கள். விண்டோஸ் தேதியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்பதால், இதைவிடப் பொருத்தமான டிரைவர் வேறு இருந்தால் இந்தக் கிழவர் தானாக ஒதுங்கிக்கொள்வார். 1967-ல் இதே ஜூலை 18 அன்றுதான் நம் சட்டசபை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கத் தீர்மானம் போட்டது. இந்தத் தகவலை நான் சொன்னதும், வேலை நடக்கட்டுமுங்க என்று மொதலாளி நகர்ந்துவிட்டார்.

உண்மையான கச்சேரி எடைமேடையில்தான். ஸ்கிராப் லாரி ஏறினால் எடைக் கருவி ஒன்பது முனை சீரியல் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடையைச் சொல்லும். புதுப் பெட்டியில் அந்த ஓட்டை கிடையாது. ஆகவே சீரியலை யூஎஸ்பி ஆக்கும் ஒரு குட்டி ஒயர், எங்கோ மலிவாக வாங்கியது. அதைச் சொருகினால் மஞ்சள் முக்கோணம், கோடு 10, சாதனம் தொடங்க முடியவில்லை. உள்ளே இருக்கும் சில்லு அசலின் நகலாம், புது டிரைவர் நகலோடு பேசாதாம்.

இதில் எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 2014-ல் எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக உலகமெல்லாம் போய், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிச் செயலிழக்க வைத்தது. கூச்சல் எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2016-ல் வேறு உத்தி: தகவலுக்குப் பதிலாக, அசல் அல்லாத சாதனம் என்ற வாசகத்தை ஒயரில் அனுப்பியது. லாரியை மேடையில் ஏற்றிவிட்டு டிரைவர் அண்ணன் சீட்டுக்குக் கை நீட்டும்போது, டன் கணக்கு வரவேண்டிய இடத்தில் அந்த வாசகம் வந்தால், அவர் யாரைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்?

மொதலாளி ஒயரைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, ரொம்ப நியாயமாகக் கேட்டார். "இந்த டிரைவரை நம்ம பட்டறைலயே கடஞ்சுக்க முடியாதுங்களா?"

முடியாது. கையொப்பம் சரிபார்க்காமல் 64 பிட் விண்டோஸ் எந்த டிரைவரையும் உள்ளே சேர்க்காது. விண்டோஸ் 11-இல் 32 பிட் கிடையவே கிடையாது, பழைய டிரைவர்களுக்கு அந்த வாசலும் மூடியாயிற்று. கோயமுத்தூரில் செய்ய முடியாத ஒரு உதிரிப் பாகம் இருக்கிறது என்று அவர் முதல்முறையாகக் கேள்விப்பட்டார். முகம் வாடியது எனக்கே கஷ்டமாகிவிட்டது.

தம்பி விடவில்லை. அரசாங்கம் 2011-ல் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் படித்தவர் அவர். அதில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மற்றவர்கள் விண்டோஸில் படம் பார்த்தபோது இவர் லினக்ஸை நோண்டியிருக்கிறார். பென் டிரைவிலிருந்தே ஒரு லினக்ஸை ஓடவிட்டு, அதே ஒயரைச் சொருகினார். டிரைவர் கேட்கவில்லை, கோடு 10 சொல்லவில்லை. மேடையில் ஏறியிருந்த லாரியின் எடை கறுப்புத் திரையில் எண்களாகக் கொட்ட ஆரம்பித்தது. எடைமேடை அண்ணன் கையே தட்டிவிட்டார்.

பிறகு அந்த எண்ணை வாங்கிச் சீட்டு அடிக்கும் சாப்ட்வேரைத் திறக்கச் சொன்னார்கள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

மொதலாளி யோசிக்கவே இல்லை. "பழசையே அங்க வெச்சிருங். நெட்டு ஒயரை மட்டும் புடுங்கிப்போடுங்." ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு பழைய பெட்டி தன் இடத்துக்குத் திரும்பியது. சீட்டுகளை அண்ணன் சாயங்காலம் கொண்டுவந்து கொடுக்கிறார், அக்கா டேலியில் ஏற்றுகிறார். எடைமேடைக்கென்று வாங்கிய புதுப் பெட்டி மொதலாளி அறையில் சிசிடிவி காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. சத்தத்துக்கு ஒரு டிரைவர் வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை வர்றனுங் என்று தம்பி சொல்லியிருக்கிறார், எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.