முதல்ல இருந்ததே தேவலை

குன்றக்குடி மலையடிவாரத்தில் டி.டி.பி. கடை போட்டிருப்பவர் எவருக்கும் இவரைத் தெரியாமல் இருக்காது. கல்யாணப் பத்திரிகை, மணிவிழா அழைப்பு, புதுமனை புகுவிழா, தைப்பூசக் காவடிக்கு நோட்டீஸ் என்று ஏதாவது ஒன்றைச் சாக்காக வைத்து வருவார். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை, பைக்குள் நாலாய் மடித்த தாள். படியேறும்போதே பத்துத் திருத்தம் சொல்வார். பத்தையும் போட்டு, பிரதி எடுத்து நீட்டினால், கண்ணாடியை மூக்குக்கும் நெற்றிக்குமாக இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டுச் சொல்வார்:

“தம்பி, முதல்ல இருந்ததே தேவலை.”

ஊரில் அவருக்குப் பெயரே ‘முந்தினது’ அண்ணன்தான்.

ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் இந்த இனம் அடங்கிக் கிடந்தது. கோத்ததைப் பிரித்து அறைப்பெட்டியில் போட்டுவிட்டால், முந்தின பிரதி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. மீறிக் கேட்டால் கம்பாசிட்டர் பார்க்கிற பார்வையிலேயே பதில் இருக்கும். பேஜ்மேக்கர் வந்த பிறகும் கடைக்காரர்கள் தப்பித்தார்கள். அதில் ‘அன்டூ’ ஒரே ஒரு படிதான் பின்னால் போகும், அதற்குமேல் கும்பிடு. ஆனாலும் அண்ணன் விடவில்லை. அவருக்குப் பயந்து ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனிக் கோப்பு வைக்க ஆரம்பித்தார்கள். ‘பைனல்’, ‘பைனல் 2’, ‘இதுதான் பைனல்’, ‘ஆச்சி சொன்ன பைனல்’, ‘சாமி சத்தியமா பைனல்’. இதில் எது கடைசி என்று ஷண்முகநாதருக்கே வெளிச்சம்.

அண்ணனைக் குறை சொல்லியும் பயனில்லை. செட்டிநாட்டுப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். பெயர்களின் வரிசை தப்பினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. அப்பச்சி பெயருக்கு முன்னால் விலாச எழுத்துகள் நாலா ஐந்தா, பங்காளிகளில் யார் மேலே யார் கீழே, சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் பெயர் தனி வரியிலா கூட்டத்திலா என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு போன் இருக்கும். ஆகவே அவர் ‘முதல்ல இருந்தது’ என்று சொன்னால், குறிப்பிட்ட ஒருவர் போன் பண்ணுவதற்கு முன்னால் இருந்தது என்று பொருள் கொள்ள வேண்டும்.

விம் என்கிற எடிட்டரில் ‘இயர்லியர் 10 எம்’ என்று ஓர் ஆணை உண்டு. தட்டினால் கோப்பு 10 நிமிடத்துக்கு முன்னால் இருந்த நிலைக்குப் போய் நிற்கும். ‘தேவகோட்டைச் சம்பந்திக்கு முன்னால்’ என்று ஓர் ஆணைதான் அதில் இன்னும் சேரவில்லை.

இந்த நிலையில், கணினி படித்துவிட்டு அடிவாரத்திலேயே கடை போட்ட தம்பி ஒருவன் புது வழிக்குப் போனான். பத்திரிகை வாசகத்தை முதலில் வி.எஸ். கோட் எடிட்டரில் தட்டி வைப்பது. எல்லாம் முடிவான பிறகுதான் வடிவமைப்புக்குக் கொண்டுபோவது. 2022-லிருந்து அந்த எடிட்டர், சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதியைத் தானாக எடுத்து வைத்துக்கொள்கிறது. ஓரத்தில் ‘டைம்லைன்’ என்ற பட்டியலில் நேரத்தோடு வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. போன வரி சிவப்பில், வந்த வரி பச்சையில்.

அண்ணனை உட்காரவைத்துப் பெருமையாகக் காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“இந்தச் சிவப்பும் பச்சையும் எடுப்பா இருக்கு தம்பி. இப்படியே அடிச்சுரு.”

அதைச் சமாளித்தபோது அடுத்தது வந்தது. அமைப்பை மாற்றாதவரை, அந்த எடிட்டர் ஒரு கோப்புக்கு 50 பிரதிதான் வைத்திருக்கும். மேலே போனால் பழசு கழிந்துவிடும். 50 போதும் என்று முடிவு செய்த புண்ணியவான்கள் குன்றக்குடிப் பக்கம் வந்ததில்லை. முதல் முகூர்த்தத்துக்கான பத்திரிகை ஒன்றிலேயே அண்ணன் அந்த எல்லையைத் தாண்டினார்.

தம்பி ‘கிட்’டுக்கு மாறினான். லினக்ஸின் மூலநிரலைப் பல நாட்டு நிரலாளர்கள் ஒரே நேரத்தில் திருத்துவதைச் சமாளிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கருவி அது. ஒரு கூட்டுக் குடும்பத்தைத் தாங்கும் என்று நம்பினான். பதிவு செய்த எதையும் அது லேசில் விடாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிப்பு கேட்கும். தம்பியும் உண்மையை எழுதிவைத்தான். ‘அண்ணன் சொன்னது.’ ‘ஆச்சி சொன்னதால் பழையபடி.’ ‘அண்ணன் தனியாக வந்து சொன்னது, ஆச்சிக்குத் தெரிய வேண்டாம்.’

ஒருநாள் பங்காளிகள் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். “என் பேரு மேல இருந்துச்சே, யாரு இறக்குனது?” என்றார் இளையவர். அண்ணன்தான் முந்திக்கொண்டு, “முந்தினதை எடுத்துக் காட்டு தம்பி, வெளிச்சமாயிரும்” என்றார். எடிட்டரை விட்டு நகராமலே, எந்த வரி எந்தப் பதிவில் மாறியது என்று கேட்க முடியும். கேட்டான். திரையில் வந்தது: ‘இரவு 9.40. அண்ணன் போனில் சொன்னது.’

கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மற்ற இருவரும் டீ குடிக்கப் போனதும் அண்ணன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“தம்பி, அந்த ஒரு குறிப்பை மட்டும் அழிச்சுரலாமா?”

“முடியாதுண்ணே. ஒவ்வொரு பதிவோட அடையாள எண்ணும் அதுக்கு முந்தின பதிவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வர்றது. நடுவுல ஒண்ணை மாத்துனா, அதுக்கப்புறம் வர்ற எல்லா எண்ணும் மாறிப்போகும்.”

“அப்ப எல்லாத்தையும் மாத்திரு.”

பழைய பிரதியைப் பார்க்க ஆசைப்படாத மனிதர் இந்த வட்டாரத்தில் கிடையாது. அது யார் கைபட்டுப் புதுசானது என்பதையும் சேர்த்துப் பார்க்கத்தான் எவருக்கும் தைரியம் வருவதில்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பில் எழுந்ததுதான் இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம். அவர் சேர்த்தது அச்சானதை. அச்சாவதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்திருந்தால் ஒரு நூலகம் போதாது. பக்கத்தில் ஒரு நீதிமன்றமும் கட்டியிருக்க வேண்டும்.

அண்ணன் இப்போது தெளிந்துவிட்டார். எந்தப் பிரதியைத் திறந்து காட்டினாலும், “இதுக்கும் முந்தி ஒண்ணு இருந்துச்சே” என்கிறார். முதல் பதிவு வரைக்கும் போய்க் காட்டினாலும் அதே பதில். அது தட்டச்சு ஆவதற்கும் முன்னால், அவர் மனசில் மட்டும் இருந்த பத்திரிகை. அதை எடுத்துக் காட்டும் எடிட்டரை இதுவரை யாரும் எழுதவில்லை.

கடைசியில் எப்படியோ அச்சாகி, கட்டுக்கட்டாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் திரும்ப வந்தார். திருத்தம் ஏதும் சொல்லவில்லை. இரண்டு நீலப் பேனா வாங்கிக்கொண்டு போனார்.