வெட்சி சூடினால் திருடன், கரந்தை சூடினால் போலீஸ்

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகலாம் என்று பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன், வந்த நாளிலிருந்து தும்மிக்கொண்டே திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். ஆன்லைன் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை. அது என்ன வேலை என்று அவன் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்று முடித்துவிடுவாள். முப்பத்தோரு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்பதால் எனக்குப் புரியும் என்று நம்பி, என்னிடம் மட்டும் புலம்பினான்.

"மாமா, ஆட்டத்துக்குள்ள வர்றவன் ஆரம்பத்துலயே ஒரு கிளாஸ் எடுக்கணும். வீரன், மந்திரவாதி, வைத்தியன், இந்த மாதிரி. நாப்பதாவது லெவல்ல வந்து நின்னுகிட்டு, 'எனக்கு வீரன் வேணாம், வைத்தியனாகணும்'ங்கிறான். முடியாதுன்னா ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிடுறான். சரி, மாறிக்கோன்னா எல்லாரும் எல்லாமா ஆயிடுறாங்க. அப்புறம் ஒருத்தனுக்கு இன்னொருத்தன் எதுக்கு?"

வெள்ளைக்காரன் இதோடு மல்லுக்கட்டிய கதையையும் சொன்னான். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது மொத்தமே மூன்று கிளாஸ்தானாம்: அடிக்கிறவன், மந்திரம் போடுகிறவன், சாமியார். 1997இல் அல்டிமா ஆன்லைன் கிளாஸே வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. கையில் 700 புள்ளி, தச்சுவேலை கற்பாயோ வாள் வீசுவாயோ, உன் பாடு. 2002இல் ஃபைனல் ஃபேன்டசி லெவன், பிரதான வேலையோடு இரண்டாவதாக ஒரு துணை வேலையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது பாதி லெவல்தான் என்றது. நம்மூரில் வாத்தியார் வேலையோடு எல்.ஐ.சி. பாலிசியும் பிடிப்பார்களே, அதே கணக்கு. 2010இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி ஃபோர்ட்டீன் இன்னும் ஒரு படி போய், கையில் இருக்கிற ஆயுதத்தை மாற்றினால் ஆளே மாறிவிடுவான் என்று வைத்தது. கோடாரி எடுத்தால் ஒருத்தன், கோலெடுத்தால் வேறொருத்தன்.

"இதத்தான் மாமா உலகமே பாராட்டுது."

"இது நம்மூர் சமாச்சாரம்டா மாப்ள" என்றேன்.

"வேணாம் மாமா. புஷ்பக விமானம் மாதிரி ஆரம்பிச்சீங்கன்னா நான் இன்னைக்கு ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிடுவேன்."

விமானமெல்லாம் இல்லை. பூதான். தருமபுரிக்குத் தகடூர் என்று பேர் இருந்த காலத்தில், இந்தப் பக்கம் ஒருவன் என்ன வேலையில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவன் தலையைப் பார்த்தால் போதும். வெட்சிப்பூ சூடியிருந்தால் பக்கத்து நாட்டு மாட்டை ஓட்டிவரப் போகிறான். கரந்தை சூடியிருந்தால் போன மாட்டை மீட்கப் போகிறான். உழிஞை என்றால் கோட்டையை வளைக்கிறவன், நொச்சி என்றால் கோட்டைக்குள் இருந்து காக்கிறவன். தும்பை சூடினால் நேருக்கு நேர் சண்டை. ஜெயித்தால் வாகை. ஆள் ஒருத்தனேதான்! திங்கட்கிழமை வெட்சி, பக்கத்து நாட்டான் பதிலுக்கு வந்து இவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் புதன்கிழமை கரந்தை. நாற்பதாவது லெவலில் அழவேண்டிய அவசியமே இல்லை. வேலியோரம் போய் வேறு பூ பறித்தால் தீர்ந்தது.

இதற்கு விதிப் புத்தகமும் உண்டு. முதல் வெர்ஷன் தொல்காப்பியம்: வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்று ஏழு திணை. ஐயனாரிதனார் பிற்பாடு புறப்பொருள் வெண்பாமாலை என்று ஒரு பேட்ச் விட்டார். ஏழு பன்னிரண்டு ஆனது. என்ன மாற்றம் என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். தொல்காப்பியர் மாட்டைத் திருடுகிறவனையும் மீட்கிறவனையும் ஒரே வெட்சிக்குள் அடைத்திருந்தார். ஆட்டக்காரர்கள் புகார் சொல்லியிருக்க வேண்டும், கரந்தை தனிக் கிளாஸ் ஆகிவிட்டது. கோட்டையை முற்றுகிறவனும் காக்கிறவனும் உழிஞையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். நொச்சியைத் தனிக்குடித்தனம் வைத்தார்.

பாவம், காஞ்சிக்கு நடந்ததுதான் அநியாயம். தொல்காப்பியத்தில் காஞ்சி என்பது உலகம் நிலையாது, எல்லாம் போய்விடும் என்று பெருமூச்சு விடுகிற வேதாந்தி வேலை. புதுப் பேட்சில் அதே காஞ்சி, படையெடுத்து வருகிறவனை எல்லையில் மறித்து அடிக்கிற வேலை. நேற்றுவரை 'எதுவும் சாசுவதமில்லையப்பா' என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தவன், காலையில் எழுந்து பார்த்தால் கையில் கேடயம். அக்கா மகன் இதைக் கேட்டு முதல்முறையாகத் தும்மலை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "மாமா, இதுக்கு எங்க ஆபீஸ்ல ரீவொர்க்குன்னு பேரு. இதுக்காகக் கொலை மிரட்டலே வரும்."

வெண்பாமாலையில் இன்னொரு நுணுக்கம். மாடு பிடிக்கப் போவதில் இரண்டு வகை: மன்னன் ஏவிப் போனால் மன்னுறு தொழில், தானாகக் கிளம்பினால் தன்னுறு தொழில். முன்னது அரசாங்க ஆணை, பின்னது சொந்தக் கடை. இரண்டிலும் செத்தால் கல் உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கிற நடுகற்களைப் போய்ப் பாருங்கள். மாடு கவர்ந்தபோது பட்டவன், மாடு மீட்டபோது பட்டவன் என்று இந்த வட்டாரமெங்கும் கல்லாகவே நிற்கிறார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று அங்கே இருக்கிறது. வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. நாய்க்குக் கோவிவன் என்று பேரும் வெட்டியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காவல் காத்ததாம். வளர்ப்புப் பிராணிக்கும் கிளாஸ் கொடுத்த மண் இது.

சரி, தகடூருக்கு வருவோம். இங்கே அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான். அவன் குழுவில் முக்கியமான ஆள் அவ்வை. அவளுக்கு என்ன கிளாஸ் என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம். பாட்டுக்காரி என்று சேர்ந்தாள். கொஞ்சநாளில் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போகிறாள். அவன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். எண்ணெய் பூசி, மயிற்பீலி சுற்றி, மாலை போட்டு வைத்த வேல்கள். இவள் பார்த்துவிட்டு, எங்கள் ஆளுடைய வேலெல்லாம் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடிவிட்டு வந்தாள். தொண்டைமானுடையது கடையில் காசு கொடுத்து வாங்கிய ஜிகினா. அதியமானுடையது ரிப்பேருக்குப் போன சாமான். எது பயப்படவேண்டியது என்று ஆடத் தெரிந்தவனுக்குத் தெரியும். ஒரு வேல்கூடத் தூக்காமல் அவள் ஆடிய ஆட்டம் அது.

நெல்லிக்கனி கதை உங்களுக்குத் தெரியும். சாவைத் தள்ளிப்போடும் கனி. விளையாட்டில் இப்படி ஒன்று கிடைத்தால் குழுத்தலைவன் யாருக்கும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொள்வான். அதியமான் அதை, முன்வரிசையில் நின்று அடிவாங்கவே வேண்டாத பாட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டான். ஆட்டக் கணக்குப்படி சுத்த முட்டாள்தனம். விளைவும் அப்படித்தான் வந்தது: அவன் செத்தான், அவள் இருந்து ஒப்பாரி பாடினாள். ஆனால் அவன் பேர் நமக்கு மிஞ்சியது அவள் பாட்டால்தான் என்பதால் இதைப் பற்றி மேலே வாய்விட எனக்குத் தைரியம் இல்லை.

அவனைக் கொன்றவன் பெருஞ்சேரல் இரும்பொறை. கொல்லிக்கூற்றத்தில் அதியமானையும் துணைக்கு வந்த இரு பெருவேந்தரையும் சேர்த்து அடித்து, தகடூரையும் அழித்தான். 'தகடூர் எறிந்த' என்பது அதற்குப் பிறகு அவன் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பட்டம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவனைப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனாலும் வேலை மாற்றிக்கொள்வதில் அவனுக்கு ஈடு கிடையாது. மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப்போய், புனிதமான முரசுக்கட்டிலில் தெரியாமல் ஏறித் தூங்கிவிட்டார். அதற்குத் தண்டனை தலை. இரும்பொறை வாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு விசிறி எடுத்து வீசிக்கொண்டு நின்றான். மன்னன் கிளாஸில் வந்தவன் ஒரு தூக்க நேரத்துக்கு விசிறிக்காரன். இன்னொரு புலவர் அரிசில்கிழார் பத்துப் பாட்டுப் பாடினார். ஒன்பது லட்சம் காசும், கூடவே சிம்மாசனத்தையும் கொடுத்துவிட்டான். அவர் பார்த்தார். 'நீயே ஆளு சாமி' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சர் வேலையை வாங்கிக்கொண்டார். உச்ச லெவல் கிளாஸை இலவசமாகக் கொடுத்தும் வேண்டாம் என்ற ஒரே ஆட்டக்காரர். சேர நாட்டு வரவு செலவைப் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்.

இந்தப் போரை முழுக்கச் சொன்ன தகடூர் யாத்திரை என்ற நூல் தொலைந்துவிட்டது. மேற்கோளாகச் சில பாட்டுகள்தான் மிச்சம். சர்வர் பதிவே காணாமல் போன கேஸ்.

"இவ்வளவு நல்லாப் போன சிஸ்டம் என்னாச்சு மாமா?"

எல்லோருக்கும் எந்தப் பூவும் கிடைத்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். உப்பு விற்றவனும் உழுதவனும் எந்தப் பூவைச் சூடினார்கள் என்று புலவர்கள் அவ்வளவாக அக்கறைப்படவில்லை. அப்புறம், யார் விட்டார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கட்சி பேசுகிற ஒரு பேட்ச் வந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கிற திரையே கிடையாது; பிறந்த வீட்டு வாசலிலேயே கிளாஸ் பூட்டு. மாற்ற பட்டன் இல்லை, புகார்ப் பெட்டி இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறவனை உள்ளே விடாதே என்பதுதான் அதில் ஒழுங்காக ஓடிய ஒரே அம்சம். இன்னும் முழுசாக அன்இன்ஸ்டால் ஆகவில்லை.

அந்தப் பூட்டெல்லாம் வெள்ளைக்காரனுக்கு இல்லை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினிக்கு வந்தது. வரி வசூலிக்க ஆள் வேண்டும். சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு உள்ளூர் பாஷை தெரியவில்லை. கார்ன்வாலிஸ் சிப்பாய் அதிகாரிகளைப் பிடித்துக் கலெக்டர் ஆக்கினார். மேலே அலெக்சாண்டர் ரீட். தருமபுரிப் பக்கம் பார்த்துக்கொண்டவர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவில் ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்த பையன். அப்பா நொடித்துப்போக, 1780இல் சென்னைக்கு வந்து பட்டாளத்தில் சேர்ந்தான். பன்னிரண்டு வருஷம் துப்பாக்கி, பிறகு இங்கே ஏழு வருஷம் நிலவரி, 1820இல் சென்னைக் கவர்னர். ஜமீன்தார் என்ற குழுத்தலைவனை நடுவில் வைக்காமல் ஒவ்வொரு விவசாயியிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை ரீட்டும் மன்றோவும் இங்கேதான் பழகிப் பார்த்தார்கள். குழுவாக ஆடினால் தலைவன் திருடுவான், தனித்தனியாக ஆடு, தனித்தனியாகக் கட்டு என்பது சாரம். ஆட்டம் மாறியது, கட்டுகிறவன் மாறவில்லை. 1827இல் காலரா அவரைக் கொண்டுபோனது. சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கிற சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை.

அக்கா மகன் கடைசியாக ஒரு சாவுக் கதை சொன்னான். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆட்டம், 2003. முப்பதுக்கு மேல் தொழில்கள். நடனக்காரர், தையற்காரர், மிருகம் பழக்குகிறவர் எல்லாரும் உண்டு, பிடித்ததைக் கலந்துகொள்ளலாம். 2005 நவம்பரில், இவ்வளவு குழப்பம் வேண்டாம் என்று ஒரே பேட்சில் ஒன்பதாக வெட்டினார்கள். மிருகம் பழக்குகிற தொழிலே போயிற்று. எடுத்தனூர்க்காரன் இருந்திருந்தால் நாயோடு சண்டைக்கு வந்திருப்பான். ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் சர்வரை மூடினார்கள்.

பேசி முடிப்பதற்குள் அக்கா வெந்நீர் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே நொச்சி இலை கொதித்துக்கொண்டிருந்தது. போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்தான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "மாமா, கோட்டை காக்கிற பூன்னீங்களே, அது எது?"

அண்டாவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கேட்கிறான். எங்கள் கொல்லை வேலி முழுக்க நொச்சிதான். உங்கள் வீட்டிலும் யாராவது தும்மினால் வந்து பறித்துக்கொள்ளுங்கள், கேட்கவேண்டியதில்லை.